கணினிக் கலைச்சொற்களை எம்மொழியில் விளக்குவது?

காலந்தோறும் புதிய கருவிகள் தோன்றுகின்றன. கருவி வரும்பொழுது அதன் பெயரும் உடன்வருகின்றது. பெயரை மட்டும் பெற்றுக்கொண்டு பொருளைப் பெறாத சமுதாயம் அக்கருவியை ஆளும் உரிமையைப் பெறுவதில்லை. ஏர் வந்த நாளிலும் ஏற்றம் வந்த நாளிலும் அச்சுப்பொறி வந்த நாளிலும் மெய்யாக இருந்த இக்கருத்து, கணினியின் காலத்தில் மேலும் மெய்யாகின்றது. ஏனெனில் கணினி என்பது சொல்லால் இயங்கும் கருவி. அதற்கு நாம் இடும் ஏவல் சொல். அது நமக்குக் காட்டும் வழி சொல். அது நம்மிடம் கேட்கும் ஒப்புதலும் சொல்லே.

நம் நாட்டில் உருது பயிலும் மாணவர்களுக்காக, ஆங்கிலக் கணினிச் சொற்களை உருது மொழியில் விளக்கும் நூல்களும் வகுப்புகளும் உள்ளன. 1996ஆம் ஆண்டு புதுதில்லியில் நிறுவப்பெற்ற உருதுமொழி மேம்பாட்டுத் தேசியக் குழு, கணினிப் பயன்பாடும் வணிகக் கணக்கும் பன்மொழிக் கணினி அச்சும் சேர்ந்த ஓராண்டுப் பட்டயப் படிப்பை நாட்டின் பல ஊர்களில் நடத்தியிருக்கின்றது. 1998இல் ஐதராபாத்தில் தோன்றிய மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம், பல்தொழில் நுட்பக் கல்வியையும் உருதுவழி அளிக்க முன்வந்தது. இவை போற்றத்தக்க முயற்சிகள் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

இம்முயற்சிகளைக் கண்ட அன்பர் சிலர், "முஸ்லிம் பெருமக்கள் நடத்தும் கல்லூரிகளில் எல்லாம் ஆங்கிலமும் உருதும் கொண்டு கணினியைக் கற்பித்தால் என்ன?" என வினவுகின்றனர். நல்லெண்ணத்தில் பிறந்த வினாவே இது. எனினும் தமிழ்த்துறையினராகிய நாம் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். கலைச்சொல்லை விளக்க வேண்டிய மொழி, மாணவனின் வீட்டு மொழியே. இக்கடற்கரையில் அம்மொழி தமிழ். இதுவே நம் விடை. அதற்கான காரணங்களைக் கீழே காண்போம்.

வீட்டு மொழி எது?

தமிழக முஸ்லிம்கள் அனைவரும் உருது பேசுவோர் எனக் கருதுவது வெளியூரார் பலரிடம் காணப்படும் மயக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் உருது வீட்டு மொழியாக வாழ்கின்றது. அங்குள்ள குழந்தைக்குக் கணினியை உருதுவில் விளக்குவதே முறை; தமிழையே திணிப்பது முறையாகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் நிலை வேறு. குயிலாப்பாளையத்திற்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள கோட்டக்குப்பத்தில் முஸ்லிம் இல்லங்களின் மொழி தமிழே. அடுப்பங்கரையிலும் அங்காடியிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அங்கே ஒலிப்பது தமிழே.

அவ்வளவு ஏன்? சமயச் சொற்களையே எண்ணிப் பார்ப்போம். உருது பேசுவோர் 'நமாஸ்' என்பதைத் தமிழ் முஸ்லிம்கள் 'தொழுகை' என்றனர். 'ரோஸா' என்பதை 'நோன்பு' என்றனர். 'மஸ்ஜித்' என்பதைப் 'பள்ளிவாசல்' என்றனர். வாழ்வின் தலையாய கடமைகளுக்கே தமிழ்ப் பெயரிட்டு, தமிழிலேயே விளக்கிக்கொண்ட சமுதாயம் இது. தொழுகையைத் தமிழில் சொன்னவர்கள் கணினியைத் தமிழில் சொல்லத் தயங்குவானேன்?

நம் முன்னோர் அரபுத் தமிழ் என்னும் அரிய மரபையும் வளர்த்தனர். அரபி எழுத்தறிந்த மக்களுக்குத் தமிழில் சமய அறிவை ஊட்ட வேண்டி, அரபி எழுத்திலேயே தமிழை எழுதினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புதிய குறியிட்டு எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெருமக்கள் அம்மரபில் நூல்கள் யாத்தனர். அவர்கள் எழுத்தை மாற்றினார்களேயன்றி மொழியை மாற்றவில்லை. கற்போனின் மொழிக்கே கல்வி வந்து சேர வேண்டும் என்பது அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

குயிலாப்பாளையம் உணர்த்துவது

வானூர் வட்டத்தில் அமைந்த குயிலாப்பாளையம், 1968இல் தொடங்கப்பெற்ற ஆரோவில்லை ஒட்டிய சிற்றூர். முந்திரித் தோப்பும் செம்மண்ணும் சூழ்ந்த அவ்வூரில் இன்று பன்னாட்டு மக்கள் நடமாடுகின்றனர். ஊர் இளைஞர் பலர் விருந்தினர் விடுதிகளிலும் உணவகங்களிலும் கைவினைக் கூடங்களிலும் பணியாற்றுகின்றனர். ஆங்கிலத்தையும் ஓரளவு பிரெஞ்சையும் காதால் கேட்டே பழகியவர்களும் அவர்களுள் உள்ளனர். 'ஆன்லைன் புக்கிங்', 'லொக்கேஷன்', 'பாஸ்வேர்டு', 'டவுன்லோடு', 'ஓ.டி.பி.' ஆகிய சொற்கள் அவர்கள் நாவில் சரளமாகப் புரள்கின்றன.

ஆங்கிலச் சொல் வாயில் வந்துவிட்டமையால் கருத்தும் உள்ளத்தில் வந்துவிட்டதாகுமா? ஆகாது. 'ஓ.டி.பி.' என்பதை நாள்தோறும் சொல்பவர்களுள் எத்தனை பேர் அதன் பொருளை அறிவர்? ஒருமுறை மட்டுமே செல்லும் கடவுச்சொல் அது. கணக்குக்கு உரியவர்தாம் கேட்கிறாரா என்று வங்கி உறுதி செய்துகொள்வதற்கே அது வருகின்றது. ஆகவே அதைப் பிறரிடம் சொல்வது, வீட்டுத் திறவுகோலை முன்பின் அறியாதவர் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும். இவ்விளக்கத்தைத் தமிழில் ஒருமுறை கேட்டவர் எளிதில் ஏமாறார். மூன்று ஆங்கில எழுத்துகளாக மட்டுமே அதை அறிந்தவரோ, தொலைபேசியில் ஒருவர் இனிக்கப் பேசிக் கேட்டால் சொல்லிவிடுவார். மரக்காணத்து உப்பளத்தில் வெயிலில் நின்று ஈட்டிய கூலியும், அரசு வழங்கும் உதவித்தொகையும் வங்கிக் கணக்கில் வந்து சேரும் காலம் இது. விளங்காத ஒரு சொல்லால் ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரைந்துபோகக் கூடும். எனவே கலைச்சொல் பற்றிய ஆராய்ச்சி புலவர்களின் பொழுதுபோக்கு எனக் கருதுவோர் தம் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

உருது கற்பிக்கும் பாடம்

கணினியை உருதுவில் கற்பிக்க வேண்டா எனக் கூறும் நாம், உருதுமொழியின் வரலாற்றிலிருந்து கற்க வேண்டியது பெரிது என்றும் கூறுவோம். ஐதராபாத்தில் 1918ஆம் ஆண்டு உசுமானியாப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. உயர்கல்வி முழுவதையும் ஓர் இந்திய மொழியில் அளிக்க முற்பட்ட அப்பல்கலைக்கழகத்திற்காக, முந்திய ஆண்டிலேயே மொழிபெயர்ப்பகம் ஒன்று அமைக்கப்பட்டது. அறிவியல், மருத்துவம், சட்டம், பொறியியல் எனப் பல துறை நூல்களும் உருதுவுக்குப் பெயர்க்கப்பட்டன. கலைச்சொல்லாக்கத்தின் நெறிகளை ஆராய்ந்து வஹீதுத்தீன் சலீம் எழுதிய 'வஸ்ஏ இஸ்திலாஹாத்' என்னும் நூல் 1921இல் வெளிவந்தது. ஆங்கிலமும் அங்கே கட்டாயப் பாடமாக இருந்தது. தாய்மொழிவழிக் கல்வி ஆங்கில அறிவைக் கெடுக்கும் என்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

1948இல் ஐதராபாத் இந்தியாவுடன் இணைந்தபின் அப்பல்கலைக்கழகத்தின் பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. அரும்பாடுபட்டு ஆக்கிய சொற்களுள் மிகப்பல வகுப்பறையை இழந்தன; வகுப்பறையை இழந்த சொற்கள் ஏட்டில் உறங்கலாயின. சொற்களின் பிறப்பில் குறையில்லை. அவை புழங்க இடமில்லாமற் போயிற்று.

இவ்வுண்மையை நம் கடற்கரையிலும் காணலாம். உப்பு வணிகரைச் சங்கத் தமிழ் 'உமணர்' என்றது. வண்டி வண்டியாக உப்பேற்றி ஊரூராகச் சென்ற அவ்வாழ்க்கை மறைந்தது, அச்சொல்லும் வழக்கொழிந்தது. உப்பு விளையும் நிலத்தைக் குறிக்கும் 'அளம்' என்னும் சொல்லோ, 'உப்பளம்' என இன்றும் மரக்காணத்தார் நாவில் வாழ்கின்றது. தொழில் வாழ்ந்தால் சொல் வாழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சொல்லுக்குள் இருக்கும் விளக்கம்

நல்ல கலைச்சொல் தன் விளக்கத்தைத் தானே ஏந்தி நிற்கும். 'டேட்டா' என்னும் ஆங்கில வழக்கு இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'தரப்பட்டவை' என்பது அதன் பொருள். தமிழில் அதனைத் 'தரவு' என்கின்றோம். 'தரு' என்னும் அடியிலிருந்து பிறந்த சொல் அது. அரபியில் அதற்கு 'முஃதயாத்' என்பர். கொடுத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து தோன்றிய அச்சொல்லை உருதுக் கலைச்சொல்லாரும் எடுத்தாள்கின்றனர். மூன்று மொழிகளும் ஒரே கருத்தில் வந்து கூடும் அழகை மாணவனுக்குக் காட்டினால், அவன் 'தரவு' என்பதை மறப்பானா?

நினைவகத்தைக் குறிக்கப் பாரசீகத்திலும் உருதுவிலும் 'ஹாஃபிஸா' என்னும் சொல் வழங்குகின்றது. திருக்குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் நிறுத்தியவரை 'ஹாஃபிஸ்' என அழைப்பதை நம் மாணவர் அறிவர். நினைவகம் என்பது பெற்றதைச் சிதையாமல் காத்து, வேண்டும்பொழுது எடுத்துத் தருவது என அவர்களுக்கு விளக்க, அந்த ஒரு சொல்லே போதும். ஆங்கிலத்தில் 'ஃபைல்' என்பது நூலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது; தாள்களை நூலில் கோத்துவைத்த வழக்கத்தால் அப்பெயர் அமைந்தது. நம் 'கோப்பு' என்பதும் கோத்தலினின்று வந்ததே.

வேறொரு வியப்பும் உண்டு. இன்று தமிழில் அமைந்த கைப்பேசித் திரையில் 'நகலெடு' என்றும் 'ரத்துசெய்' என்றும் கட்டளைகள் தோன்றுகின்றன. 'நகல்', 'ரத்து' ஆகிய இரண்டும் அரபியில் பிறந்து, பாரசீக உருது வழக்குகளின் வழியே தமிழகத்தின் ஆட்சிமொழியில் கலந்தவை. அசல், வசூல், பாக்கி என்பனவும் அவ்வாறு வந்து நம்மோடு ஒன்றிவிட்டவையே. உருதுத் திரையிலோ ஆங்கிலக் 'காப்பி'யே நகலுக்கு நிற்கின்றது! இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என வகுத்த தொல்காப்பியர் வந்த சொல்லுக்கும் தமிழில் இருக்கை அளித்தார். அயற்சொல் எதுவுமே ஆகாது எனக் கூறுதல் நம் நோக்கமன்று. வந்த சொல் நம் மொழியில் விளங்கி நிற்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன பணி எனச் சிலர் கேட்கலாம். கலிப்பாவின் முதலுறுப்பாகிய 'தரவு' இன்று கணினியில் வழங்குகின்றது. வந்த சொல்லே மீண்டும் வரும் அணியாகிய 'மடக்கு', செய்த செயலையே மீண்டும் செய்விக்கும் கணினி அமைப்பின் பெயராகப் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. கலித்துறைக்கு அடையாக நிற்கும் 'கட்டளை', கணினிக்கு இடும் ஏவலாகவும் நிற்கின்றது. யாப்பும் அணியும் கற்ற தமிழாசிரியர் கணினி ஆசிரியரோடு அமர்ந்து பேச இவை போதாவா?

உப்பளத்தில் ஒரு விளக்கம்

'அல்காரிதம்' என்னும் சொல், 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி என்னும் கணித மேதையின் பெயரிலிருந்து பிறந்தது. கிரேக்கம், பாரசீகம், இந்தியம் எனப் பல நாட்டு அறிவையும் அறிஞர்கள் அங்கே தம் அரபி மொழிக்குக் கொணர்ந்தனர்; பின்னர் அதை வளர்த்து உலகுக்கு அளித்தனர். அச்சொல்லைத் தமிழில் 'நெறிமுறை' என்றும் 'படிமுறை' என்றும் வழங்குவர். பெயரைச் சொல்லிவிட்டால் மாணவனுக்கு விளங்கிவிடுமா? விளக்கம் வேண்டும். அவ்விளக்கம் அவன் ஊரிலேயே கிடக்கின்றது.

உப்பளத்தில் முதற்பாத்தியில் உவர்நீரைத் தேக்குகின்றனர். வெயில் நீரை உறிஞ்ச உறிஞ்ச அதன் செறிவு ஏறுகின்றது. செறிவு போதிய அளவை எட்டியதா எனப் பார்க்கின்றனர். எட்டவில்லையெனில் காத்திருந்து மீண்டும் பார்க்கின்றனர். எட்டியதெனில் மடையைத் திறந்து அடுத்த பாத்திக்கு விடுகின்றனர். போமே அளவையில் ஏறத்தாழ 25 பாகையை எய்தும்பொழுது உப்பு படியத் தொடங்குகின்றது. 30 பாகையை நெருங்கும்பொழுது எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றுகின்றனர்; இல்லையேல் உப்பு கெடும். இதில் வரிசை இருக்கின்றது; அது படிமுறை. 'எட்டியதா?' என்னும் வினா இருக்கின்றது, அது நிபந்தனை. மீண்டும் மீண்டும் பார்த்தல் இருக்கின்றது, அது மடக்கு. மணிக்கு மணி மாறும் செறிவின் அளவு இருக்கின்றது, அது மாறி. கணினி நிரல் என்பதன் எலும்புக்கூடு முழுவதும் இதில் அடங்கிவிட்டது. உப்பளத் தொழிலாளியின் மகள் இதைக் கேட்டால், 'இது எங்கள் வீட்டுச் செய்தியாயிற்றே!' எனத் தலைநிமிர்வாள். ஆங்கில வரையறையை உருப்போட்டு ஒப்பிக்கும்பொழுது அந்நிமிர்வு அவளுக்கு வாய்க்குமா?

மறுப்புகளும் விடைகளும்

"வேலைவாய்ப்பு ஆங்கிலத்தில் அன்றோ உள்ளது?" என்பர். ஆம். ஆங்கிலக் கலைச்சொல்லை விட்டுவிடுமாறு நாம் கூறவில்லை. பைத்தான் முதலிய நிரல்மொழிகளின் குறிச்சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றை அவ்வாறே கற்க வேண்டும். கருத்து தமிழில் வேரூன்றிய மாணவன் ஆங்கிலப் பெயரையும் எளிதில் பற்றிக்கொள்வான். கருத்தே விளங்காதவன் நேர்முகத் தேர்வில் இரண்டாவது வினாவிலேயே தடுமாறுவான்.

"தமிழில் சொற்கள் உளவா?" என்பர். உள. யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராகப் பல்லாண்டு தொண்டாற்றி 2017இல் மறைந்த மணவை முஸ்தபா, மருத்துவத்திற்கும் கணினிக்கும் களஞ்சிய அகராதிகளைத் தனியொருவராக முயன்று ஆக்கித் தந்தார். சொல்லுக்குச் சொல் தருவதோடு நில்லாமல் விளக்கமும் தந்தமை அவர்தம் பணியின் தனிச்சிறப்பு. தமிழ் முஸ்லிம் ஒருவர் கணினியைத் தமிழில் விளக்கிக் காட்டிய பின்னரும் நாம் தயங்கி நிற்பது அழகன்று. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை அமைந்தது. 2010இல் ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்றது. 'சொற்குவை' இணையதளத்தில் கலைச்சொற்கள் தொகுக்கப்பட்டு வருகின்றன. மேனிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் தமிழ்வழியிலும் பயிற்றப்படுகின்றது. குறை வேறிடத்தில் உள்ளது. பள்ளியில் 'மடக்கு', 'மாறி' எனக் கற்றுவரும் மாணவி, கல்லூரி வாயிலைக் கடந்ததும் அச்சொற்களை மறந்துவிட வேண்டியவள் ஆகின்றாள். உசுமானியாவின் சொற்களுக்கு நேர்ந்தது நம் சொற்களுக்கும் நேர விடலாமா?

"ஆக்கிய தமிழ்ச்சொற்கள் ஆங்கிலத்தினும் கடினமாக உள்ளனவே!" என்பர். சில அவ்வாறு உள்ளன, மறுப்பதற்கில்லை. கணினி, கணிப்பொறி, கணிப்பான் என ஒன்றற்குப் பல பெயரிட்டுக் குழப்பியதும் உண்டு. விளக்கமின்றி வீசப்படும் தமிழ்ச்சொல்லும் ஆங்கிலச் சொல்லைப்போல் ஊமையே. ஆதலின் சொல்லினும் விளக்கமே முதன்மை என வலியுறுத்துகின்றோம்.

செய்யத்தக்கன

முதலாவதாக, தமிழ்த்துறையும் கணினித்துறையும் இணைந்து, முதலாண்டு மாணவர்க்கு இன்றியமையாத கலைச்சொற்களுக்கு மும்மொழி விளக்கப் பட்டியல் ஒன்றை உருவாக்கலாம். ஆங்கிலச் சொல் ஒரு நிரலிலும், உருது அல்லது அரபிச் சொல்லும் அதன் வேர்ப்பொருளும் மறு நிரலிலும், தமிழ்ச்சொல்லும் நம் ஊர் வாழ்விலிருந்து எடுத்த விளக்கமும் மூன்றாம் நிரலிலும் அமையலாம். உருதுத்துறையினரும் உடனிருந்தால் சிறப்பு. இப்பட்டியலில் உருது தமிழுக்குப் போட்டியாகாது. பொருள் காட்டும் துணையாகும்.

இரண்டாவதாக, வகுப்பிலும் அகத்தேர்விலும் கருத்தைத் தமிழில் விளக்கி, கலைச்சொல்லை ஆங்கிலத்தில் குறிக்கும் விடைக்கும் முழு மதிப்பெண் அளிக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆசிரியரின் இசைவு ஒன்றே போதும்.

மூன்றாவதாக, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் குயிலாப்பாளையம், கோட்டக்குப்பம், மரக்காணம் ஆகிய ஊர்களுக்குச் சென்று, கடவுச்சொல், ஒருமுறைக் கடவுச்சொல், ஒப்புதல், நகல், இணைப்பு ஆகிய சொற்களையாவது பெண்களுக்கும் முதியோர்க்கும் வீட்டுத் தமிழில் விளக்க வேண்டும். ஒரு மாலைப்பொழுது போதும். ஒரு குடும்பத்தின் சேமிப்பு காக்கப்பட்டாலும் அம்மாலை வீண்போகாது.

கல்வி நிறுவனம் ஒன்றின் பெயர்ப்பலகையில் எம்மதத்தார் பெயர் இருப்பினும், அங்குப் பயிலும் பிள்ளையின் நெஞ்சில் இருக்கும் மொழியே அதன் கல்விக்கு வாயில். அவ்வாயிலை அடைத்துவிட்டு வேறு வாயில் தேடுதல் வேண்டா. ஆங்கிலத்தைக் கருவியாகக் கற்போம்; உருதுவை உடன்பிறந்த மொழியாக மதிப்போம்; கணினியைத் தமிழில் விளங்கிக்கொள்வோம். அவ்வாறு விளங்கிக்கொண்டதை நம் கடற்கரை ஊர்கள் அனைத்திற்கும் எடுத்துச் செல்வோமாக!